ஐந்து போர்டும் ஒரே தவறோடு வந்தன

அன்னூர்ப் பக்கம் மாமாவின் தோட்டத்தில் போர்வெல் மோட்டாரின் காயில் இரண்டு முறை கருகிவிட்டது. தண்ணீர் வற்றியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் சர்க்யூட் போர்டை நானே செய்து தருகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். போர்டை வரைய உதவும் கிகாட் இலவசம் என்பதால் மென்பொருளுக்குச் செலவில்லை. ஆனால் முதல் வரைவு 104 மில்லிமீட்டர் நீளம் வந்தது. சீன நிறுவனங்கள் பலவற்றில் இருபக்கமும் செம்புத் தடம் உள்ள இரண்டடுக்கு போர்டின் மலிவு விலை 100-க்கு 100 மில்லிமீட்டர் வரைதான். ஒரு மாலை முழுக்கப் பாகங்களை நெருக்கி 98-க்குக் கொண்டுவந்தேன். மெயின் மின்சாரத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே விட்ட 8 மில்லிமீட்டரில் மட்டும் கை வைக்கவில்லை. அங்கே கஞ்சத்தனம் செய்தால் மாமாவை யார் காப்பாற்றுவது?

மிச்சம் பிடித்ததெல்லாம் ரிலேயில், அதாவது மோட்டாருக்குக் கரண்ட்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சில், போனது. தயாரிப்பாளர் தரும் விவரத்தாளான டேட்டாஷீட்டில் அதன் கால்களைக் கீழிருந்து பார்ப்பதுபோல வரைந்திருந்தார்கள். நான் மேலிருந்து பார்ப்பதாக நினைத்து வரைந்துவிட்டேன். குறைந்தபட்ச ஆர்டரே ஐந்து. கூரியரும் சுங்க வரியும் போர்டு விலையைத் தாண்டியது தனி வயிற்றெரிச்சல். கொடுமை என்னவென்றால், ரிலே கச்சிதமாக உட்கார்ந்தது. ரிலேக்குக் கரண்ட் இல்லாதபோது இணைப்பு விட்டிருக்கும் என்ஓ கால் இருக்க வேண்டிய இடத்தில், அப்போது இணைந்தே இருக்கும் என்சி கால், அவ்வளவுதான். நிற்க வேண்டிய மோட்டார் ஓடியது. புரோகிராமில் மாற்றலாம்தான். ஆனால் கரண்ட் வந்ததும் புரோகிராமை ஓட்டும் கன்ட்ரோலர் சிப் விழிப்பதற்குள் மோட்டார் ஓடத் தொடங்கிவிடும்.

இப்போதெல்லாம் ஆர்டருக்கு முன் அதே அளவில் காகிதத்தில் அச்செடுத்து, டிவி பெட்டியில் வந்த தெர்மாகோலில் ஒட்டி, எல்லாப் பாகங்களையும் குத்திப் பார்க்கிறேன். வயர் மாட்டும் டெர்மினல், பெட்டியின் சுவரில் இடிக்குமா என்பது அப்போதே தெரிந்துவிடும். ரிலேக்கு அது போதாது. காகிதத்தில் காம் (பொதுக் கால்), என்சி என்று இருக்கும் கால்கள்தான் மல்டிமீட்டரில் பீப் அடிக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

பின்னூட்டத்தில் சோமனூரிலிருந்து ஒருவர்:
அண்ணா, நான் ஆர்டருக்கே போகவில்லை. தறியில் இழை அறுந்தால் நிறுத்தும் சின்ன சர்க்யூட், ஒரே அடுக்கு. லேசர் பிரிண்டை இஸ்திரிப் பெட்டியால் செம்புத் தகட்டில் ஒட்டவைத்து, வேண்டாத செம்பை அரித்தெடுக்கும் ஃபெர்ரிக் குளோரைடு கரைசலில் போட்டேன். தடம் 1 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் என் கைக்கு நிற்பதில்லை. மிச்சக் கரைசலைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றியதுதான் தப்பு, எவர்சில்வரையே அரித்துவிட்டது. அம்மா இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த ஐந்து போர்டுகள் என்னவாயின?

என் பதில்:
ஒன்று தோட்டத்தில்தான் ஓடுகிறது, தம்பி. கால்கள் இடவலம் மாறிவிட்டதால், ரிலேயைப் போர்டின் அடிப்பக்கமாகச் செருகினால் சரியாகிவிடுகிறது. துளைகளுக்குள்ளும் செம்பு பூசியிருந்ததால் மேலிருந்து சால்டர் வைக்க முடிந்தது. போர்டைத் தூக்கி நிறுத்தும் ஸ்பேசர்தான் உயரமாகப் போட வேண்டியதாயிற்று. பெட்டியைத் திறந்து பார்த்த மாமா, "ஏன் மாப்பிள்ளை, இது மட்டும் வௌவால் மாதிரி தொங்குகிறது?" என்று கேட்டார். சூடு தணிவதற்காக என்று சொல்லி வைத்திருக்கிறேன்.