வண்ணார்பேட்டை ரவுண்டானா: சிமுலேஷனில் நெரிசலே வரலை

பேட்டைக்காரன்: நம்ம திருநெல்வேலி வண்ணார்பேட்டையில், கொக்கிரகுளம் பக்கமிருந்து வர்ற வண்டிகளுக்கு ரவுண்டானாவில் சிக்னல் வைத்தால் வரிசை குறையுமான்னு சுமோவில் (SUMO, போக்குவரத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கிற மென்பொருள்) பார்க்கேன். ஓஎஸ்எம் (ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்) வரைபடம் ஏத்தியாச்சு. ஆனா காலை 9 மணிக்கும் ரோடு காலியாக் கிடக்கு. எங்கே தப்பு?

ரதவீதி: அண்ணாச்சி, முதல்ல டெலிபோர்ட்டைப் பாருங்க. 300 விநாடி நகராம நிக்கிற வண்டியை சுமோவே தூக்கி முன்னால போட்டுடும், நெரிசல் மாயமாயிடும். அந்த நேரத்தைச் சொல்ற டைம்-டு-டெலிபோர்ட்டுக்கு -1 கொடுங்க, அது நின்னுடும். வரைபடத்தை சுமோவுக்கு மாத்துற நெட்கன்வர்ட்டில், வண்டி இடப்பக்கம் ஓட லெஃப்ட்ஹேண்ட் போட்டீங்களா? போடலைன்னா இருவழிச் சாலையெல்லாம் வலப்பக்கம்தான் ஓடும்.

சமாதானபுரம்: டெலிபோர்ட்டை நிறுத்தினா வரிசை எக்கச்சக்கமா நீளும், அதையும் நம்பாதீங்க. சும்மா விட்டா ஒரு லேனில் பைக்கும் பஸ் பின்னாடி வரிசையில்தான் நிக்கும். நம்ம ஊர்ல எவன் நிப்பான்? லேனுக்குள்ளயே பக்கவாட்டில் நகர விடுற லேட்டரல்-ரெசல்யூஷனை 0.8 மீட்டர் வைங்க, பைக் இடுக்கில் நுழையும். ஷேர் ஆட்டோ ஓரம்கட்டுற இடத்தையும் தனி நிறுத்தமாச் சேருங்க. திரும்பும் திசைவாரியா, வண்டி வகைவாரியா 15 நிமிஷத்துக்கு ஒருதரம் எண்ணின கணக்கு கட்டாயம் வேணும்.

பேட்டைக்காரன்: எண்ணின கணக்குக்கும் சிமுலேஷன் கணக்குக்கும் எவ்வளவு வித்தியாசம்னு காட்டுற ஜிஇஎச் (GEH) 5க்குக் கீழ வந்தா போதுமா?

ரதவீதி: எண்ணின இடங்களில் 85 சதவீதத்தில் வரணும். அது வண்டி எண்ணிக்கைக்கு மட்டும்தான். வரிசை நீளத்தை நேர்ல அளந்து தனியா ஒப்பிடுங்க. சீடை (தற்செயல் எண்களுக்கான தொடக்க எண்) மாத்தி 10 தடவையாவது ஓட்டி சராசரி எடுங்க.