தலைப்பில் மட்டும் பலூ தம்பி உப்பிப் போகிறது, ஏன்?

குமிழ்: குழந்தைகளுக்கான வாசிப்புத் தளம் ஒன்று செய்கிறேன். தலைப்புக்குப் பலூ தம்பி ஃபான்ட். டிசைன் மென்பொருளில் உருண்டு திரண்டு அழகாக இருக்கிறது. பிரவுசரில் திறந்தால் ‘ண’வின் சுழிகள் ஏறக்குறைய அடைந்துவிடுகின்றன. ‘ன’வா ‘ண’வா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. மெய்யெழுத்துப் புள்ளியும் கீழே உள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் இதே கதைதான். என்ன செய்யலாம்?

மைக்கூடு: இந்த மாதிரி தடித்த உருண்டை எழுத்தெல்லாம் பெரிய அளவுக்கென்றே வரைந்தவை. சின்னதாகப் போட்டால் அடைக்கத்தான் செய்யும். அளவைக் கூட்டிப் பாருங்கள்.

குமிழ்: 48 பிக்சலிலும் அப்படித்தான் நண்பரே. அதே ஃபான்ட்டைப் பத்தியில் போட்டால் ஒழுங்காக வருகிறது. தலைப்பில்தான் வம்பு.

கோட்டுரு: அப்படியானால் அளவு காரணமில்லை. நீங்கள் பார்ப்பது போலி போல்டு.

ஏக் டைப் என்ற எழுத்துரு வடிவமைப்புக் குழு வெளியிட்ட பழைய பலூ தம்பியில் ஒரே ஒரு தடிமன்தான் உண்டு. கண்ணுக்குக் கனமாகத் தெரிந்தாலும் கோப்பில் அதன் எண் 400, அதாவது சாதாரணம். தலைப்பு என்றாலே பிரவுசர் தானாக 700, அதாவது போல்டு கேட்கும். அது கிடைக்காதபோது, இருக்கிற எழுத்தையே சுற்றிலும் தடிக்க வைத்துவிடும். ஏற்கெனவே பருத்த எழுத்து, அதன்மேல் இன்னொரு சுற்றுச் சதை!

வரைபவர் தடிமன் கூட்டும்போது எழுத்தை அகலமாக்குவார், சுழிக்குள் வெளி விடுவார், கோடுகள் சேரும் இடத்தை மெலிய வைப்பார். பிரவுசருக்கு அதெல்லாம் தெரியாது. சுழி நிறைந்த தமிழ் எழுத்துதான் இதில் முதலில் மாட்டும். பக்கத்தின் தோற்றத்தைக் குறிக்கும் சிஎஸ்எஸ்ஸில் தலைப்பின் தடிமன் 400 என்று எழுதிவிடுங்கள், தீர்ந்தது.

மைக்கூடு: ஓ, சரி. பலூ தம்பி 2-க்கு மாறினால்?

கோட்டுரு: மாறலாம், அதில் 400 முதல் 800 வரை உண்மையான தடிமன்கள் இருக்கின்றன. ஆனால் அதன் 400 மெலிவானது. பழைய கனம் வேண்டுமென்றால் மேலே ஏற வேண்டும்.

குமிழ்: 400 போட்டதும் சரியாகிவிட்டது, நன்றி! இதையே கதைப் பகுதிக்கும் வைக்கலாமா? பக்கம் முழுக்க ஒரே முகமாக இருக்குமே.

மைக்கூடு: வேண்டாம். தலைப்பு, பொத்தான், லோகோ, பொட்டலம் இவற்றுக்கு இந்த வகை நன்றாகப் பொருந்தும். நாலு வரிக்கு மேல் போனால் பக்கமே கறுத்துவிடும்.

கோட்டுரு: அதே கருத்துதான். ஆனால் உருண்டை எழுத்து என்றாலே குழந்தைச் சமாச்சாரம் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. வேக் ரவுண்டட் என்ற உருண்டை ஃபான்ட் 1979-இல் ஃபோக்ஸ்வாகன் கார் நிறுவனத்துக்காக உருவானது. பிறகு ஆப்பிள் விசைப்பலகைகளிலும் பல ஆண்டுகள் இருந்தது. முனை உருண்டிருப்பதால் மட்டும் கேலி தொனி வந்துவிடாது. கனமும் சேரும்போதுதான் விளையாட்டுக் குணம் தூக்கலாகிறது.

குமிழ்: கடைசியாக ஒன்று. பொத்தானில் எழுத்துக்கு மேலும் கீழும் இடம் நிறைய விழுகிறது.

கோட்டுரு: இந்திய எழுத்துகளின் மேல்குறி, கீழ்க்குறிகளுக்காக ஃபான்ட்டிலேயே உயரம் தாராளமாக விட்டிருக்கிறார்கள். வரி உயரத்தை நீங்களே 1.2 என்று குறித்துப் பாருங்கள். 1-க்கு இறக்கினால் இரண்டு வரித் தலைப்பில் மேல்வரி ‘மூ’வின் அடியும் கீழ்வரி ‘கீ’யின் தலையும் முட்டிக்கொள்ளும்.