தியானத்துக்காக மனநல மாத்திரையை நிறுத்தலாமா?

குறிஞ்சிநிலவன்:
மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் எஸ்சிட்டலோபிராம் மாத்திரையைத் தினமும் 10 மி.கி. எடுக்கும் ஒருவர் பத்து நாள் விபாசனா மௌன தியான முகாமுக்குப் போகப்போகிறார். மாத்திரை மனதை மழுங்கடித்துவிடும், நிறுத்திவிட்டுப் போனால்தான் தியானம் கைகூடும் என்று சிலர் சொல்கிறார்கள். சரிதானா?

அருவிக்கரை:
நிறுத்தணும்னுதான் நான் சொல்வேன். விபாசனாவுக்குக் கருவியே உடம்பில் எழுகிற உணர்ச்சிதான். இந்த வகை மாத்திரை துக்கத்தை மட்டும் குறைக்கிறதில்லை, மகிழ்ச்சி, உருக்கம், கண்ணீர் எல்லாத்தையும் சேர்த்துத் தட்டையாக்கிடுது. தேவாரம் கேட்டு உருகுறவங்க கல்லு மாதிரி உட்கார்ந்திருக்காங்க. டாக்டர்கிட்ட சொன்னா, "தூக்கம் வருதா, பசிக்குதா"ன்னு கேட்டு முடிச்சிடுறாங்க. 2015-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வைப் பாருங்க. மனச்சோர்வு திரும்பத் திரும்ப வந்த 424 பேர். தியானப் பயிற்சியோட மருந்தைக் குறைச்சவங்கள்ல 44 சதவீதம், மருந்தைத் தொடர்ந்தவங்கள்ல 47 சதவீதம் பேருக்கு இரண்டு ஆண்டுக்குள்ள நோய் திரும்பியிருக்கு. அப்புறம் மருந்து எதுக்கு?

தெளிதேன்:
மழுங்கல் உண்மைதான், அதில் உங்களோடு எனக்கு வாதம் இல்லை. ஆனால் ஆய்வைப் பாதிதான் சொன்னீர்கள். அதில் சேர்ந்தவர்கள் மனச்சோர்விலிருந்து மீண்டு மருந்தில் நிலையாக இருந்தவர்கள். பயிற்சி எட்டு வாரம், வாரம் ஒரு வகுப்பு. மருந்தைக் குறைத்தது மருத்துவர் துணையோடு, படிப்படியாக. அதிகாலை 4 மணிக்கு எழுந்து பத்து மணி நேரம் மௌனமாக உட்காரும் முகாமுக்கு அந்தக் கணக்கு செல்லாது.

இப்போது நாட்களை எண்ணிப் பாருங்கள். எஸ்சிட்டலோபிராம் உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 30 மணி நேரம் ஆகும். முகாமுக்கு முந்தைய நாள் நிறுத்தினால் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மருந்தை நிறுத்தியதால் வரும் விலகல் அறிகுறிகள் தலைகாட்டலாம்: தலைசுற்றல், கண்ணைத் திருப்பினால் தலைக்குள் 'சுரீர்' என்று மின்சாரம் பாய்வது, தோலில் ஊறல், காரணமில்லாத அழுகை, விசித்திரக் கனவு. முகாமில் முதல் மூன்று நாளும் மூச்சுக் கவனிப்புதான். நான்காம் நாள்தான் தலை முதல் கால் வரை உணர்ச்சிகளைப் பார்க்கச் சொல்வார்கள். ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரும் அதிட்டானமும் அதையொட்டியே தொடங்கும். உச்சந்தலையில் சுரீரென்றால் அது நுண்ணுணர்வா, குண்டலினியா, நிறுத்திய மாத்திரையா? உட்கார்ந்திருப்பவரால் பிரித்தறிய முடியாது. மருந்து பற்றி விண்ணப்பத்தில் மறைத்திருந்தால் ஆசிரியராலும் முடியாது.

அருவிக்கரை:
சரி, முந்தின நாள் நிறுத்துறது தப்புதான். மூணு மாசம் முன்னாடியே படிப்படியா குறைச்சா?

தெளிதேன்:
நோய் அடங்கிப் போதிய காலம் ஆகியிருந்தால், மருத்துவரும் ஒப்பினால் செய்யலாம். 10-லிருந்து 5-க்கு இறங்குவது பெரும்பாலும் சுலபம். 5-லிருந்து பூஜ்யத்துக்குத்தான் தடுமாற்றம். ஏனென்றால் மூளையில் மருந்து பற்றும் இடங்களில் பெரும்பகுதியை 5 மி.கி.யே பிடித்துவிடுகிறது. கடைசிப் படியை 2.5, அதற்கும் கீழே என்று நறுக்கி நறுக்கி இறங்க வேண்டும். முடித்த பிறகும் சில மாதம் நோய் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் முகாம். மனச்சோர்வுக்கான மற்ற மருந்துகளில் பராக்ஸெடினும் வென்லாஃபாக்ஸினும் இதைவிடக் கடுமை. ஃப்ளூஆக்ஸெடின் தானாகவே வாரக்கணக்கில் கரையும். பதற்றத்துக்குத் தரும் குளோனசிபத்தைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம்.

செங்காந்தள்:
இருவரும் ஒரு வகை மாத்திரையையே சுற்றி வருகிறீர்கள். மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை நோய்க்கு லித்தியம் எடுப்பவருக்கு நிறுத்தினாலும் ஆபத்து, நிறுத்தாமல் கவனக்குறைவாக இருந்தாலும் ஆபத்து. ரத்தத்தில் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு. சித்திரை வெயிலில் வியர்ப்பது, நடுவில் எழுந்து போக வேண்டாமென்று தண்ணீரைக் குறைப்பது, உப்பில்லா விரதம், மூன்றுமே லித்தியத்தை உடலில் தேக்கும். முட்டி வலிக்கிறதென்று டைக்ளோஃபெனாக் போட்டால் இன்னும் ஏறும். கை நடுக்கம் கூடி, வாந்தியோ வயிற்றுப்போக்கோ தள்ளாட்டமோ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இருமுனை நோய் உள்ளவர் மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு "களைப்பே இல்லை, எல்லாம் விளங்கிவிட்டது" என்றால் அதை ஞானம் என்று கொண்டாடக் கூடாது. மேனியா என்னும் மிகை உற்சாக நிலை கிளம்புவதும் அப்படித்தான். இவர்களுக்கு நீண்ட மௌன முகாமே வேண்டாம் என்பேன்.

இன்னொன்று, மனச்சிதைவு போன்ற நோய்களுக்குத் தரும் ஒலான்சபின். விழுங்கி ஆறு மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சம் தொடும். இரவு பத்துக்குப் போட்டால் உச்சம் சரியாக 4 மணி, எழுப்பும் மணி அடிக்கிற நேரம். மருத்துவரைக் கேட்டு ஏழு மணிக்கு மாற்றினாலே காலை மந்தம் குறையலாம். ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் போன்ற அதே வகை மருந்து எடுப்பவர் கால்களை மாற்றி மாற்றிப் போட்டு, எழுந்து நடந்தால் மட்டும் ஆறுதல் என்றால் அது மனச்சஞ்சலம் அல்ல, மருந்து தரும் பரபரப்பு. "இன்னும் அசையாமல் உட்கார்" என்பது அவருக்குச் சித்திரவதை. அளவைக் குறைத்தோ புரோப்ரனலால் சேர்த்தோ மருத்துவர் சரிசெய்ய முடியும்.

அருவிக்கரை:
இதெல்லாம் ஏத்துக்கிறேன். ஆனா அந்த உருக்கம் போனதுக்கு யாரும் பதில் சொல்லலையே. அது சின்ன இழப்பு இல்ல.

தெளிதேன்:
சின்ன இழப்பே இல்லை. அளவைக் குறைப்பது, வேறு மருந்துக்கு மாறுவது, இரண்டும் நடைமுறையில் உண்டு. ஆனால் டாக்டரிடம் "தியானம் சரியாக வரவில்லை" என்றால் அவருக்குப் பிடிபடாது. "அழ வேண்டிய இடத்தில் அழுகை வரவில்லை, பிடித்த பாட்டு வெறும் சத்தமாகக் கேட்கிறது, 10 மி.கி. ஆக்கிய மூன்றாம் வாரத்திலிருந்து இப்படி" என்று தேதியோடு சொல்ல வேண்டும். தேதிதான் முக்கியம். மாத்திரைக்கு முன்பே இந்த மரத்துப்போதல் இருந்திருந்தால் அது நோயின் வேலையாக இருக்கலாம், மருந்தைக் குறைத்தால் கூடத்தான் செய்யும்.