சிசேரியன் ஆகி 6 நாள், இடது பக்கம் பால் குடிக்க மாட்டேன் என்கிறான்

மதுரையில் இருக்கிறேன், முதல் பிரசவம். மகன் பிறந்தபோது 2.9 கிலோ, நேற்று 2.7. ஒரு நாளைக்கு 6 தடவை சிறுநீர் போகிறான். வலது பக்கம் ஓரளவு குடிக்கிறான். இடது பக்கம் காம்பு உள்வாங்கி இருக்கிறது. நுனியை மட்டும் கவ்வி இரண்டு சப்பு சப்பிவிட்டு அழுகிறான். மார்பு கல் மாதிரி கட்டிக்கொண்டது, எனக்குக் காய்ச்சல் இல்லை.

மடியில் போட்டால் தையல் சுரீர் என்கிறது. தலையணை வைத்துப் பார்த்தேன், ஒருக்களித்துப் படுத்தும் கொடுத்தேன். கையால் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டுகிறேன், ஒரு தடவைக்கு 20 மில்லி தேறினால் அதிகம். செவிலியர் சொன்னபடி சிரிஞ்சால் காம்பை இழுத்தேன்; அந்த நிமிடம் சரி, அப்புறம் பழையபடிதான். (பவுடர் பால் கொடு என்று மாமியார் ஒரு பக்கம்.)

தையலில் பாரம் விழாமல், உள்வாங்கிய காம்பைக் குழந்தை முழுதாகக் கவ்வ, நீங்கள் எப்படிப் பிடித்துக் கொடுத்தீர்கள்?