ஹை யீல்டு பாண்டு ஃபண்டை நம்பி வருமானம் எடுக்கலாமா?

வணக்கம், ஓய்வுக்குப் பிறகு மாதாமாதம் ஏதாவது வர வேண்டும் என்று ஹை யீல்டு பாண்டு ஃபண்டில் கொஞ்சம் பணம் போட யோசிக்கிறேன். பிபிபி மைனஸுக்கும் கீழே கடன் ரேட்டிங் உள்ள (அதாவது கடனைத் திருப்பித் தராமல் போகும் ஆபத்து அதிகமுள்ள) கம்பெனிகளுக்குக் கடன் கொடுப்பதால்தான் வட்டி அதிகம், சரி, அது புரிகிறது. உறுத்துவது வேறு: 2008இல் அமெரிக்காவில் இந்த வகை பாண்டுகள் சுமார் 26 சதவீதம் சரிந்தன, அதுவும் பங்குகள் விழுந்த அதே சமயத்தில். மறு வருடமே 50 சதவீதத்துக்கு மேல் ஏறின என்றாலும் நடுவில் நான் பயந்துபோய் விற்றிருப்பேன் (என்னை எனக்குத் தெரியும்). அப்புறம், கடனைக் கட்டாத கம்பெனிகளால் யூனிட் விலை கரைந்துகொண்டே போனால், கைக்கு வரும் வட்டியில் ஒரு பகுதி என் சொந்த முதல்தானே? பத்து வருடத்துக்கு மேல் வைத்திருப்பவர்கள் இருந்தால், முதல் எவ்வளவு மிஞ்சியது, மொத்தச் சேமிப்பில் எத்தனை சதவீதம் இதில் வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்களேன்.