2014 டிசையர் டீசல், கூலன்ட் டேங்கில் துருத் தண்ணீர்: வாங்கலாமா?

மண்டபம் முகாம்:
வணக்கம். ராமநாதபுரம் டவுனில் ஒரு 2014 டிசையர் டீசல் பார்த்திருக்கிறேன். டிஎன் 65 வண்டி, இரண்டாவது ஓனர், மீட்டரில் 1,12,000 கிலோமீட்டர், மூன்றரை லட்சம் சொல்கிறார்கள். அம்மாவை மாதாமாதம் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகத்தான் கார். நடுவழியில் வண்டி நின்றுவிட்டால் அம்மாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் என் பயம், அதனால் பெயின்ட், சீட் கவர் எல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம்.

நான் போனபோது ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தார்கள். இழுவை நன்றாகவே இருந்தது. ஆனால் பானட்டைத் திறந்தால் இன்ஜின் அப்போதுதான் கழுவியதாக ஈரமாக இருக்கிறது. கொஞ்ச நேரம் ஐட்லிங்கில் விட்டு ஆக்சிலரேட்டரை மிதித்ததும் சைலன்சரில் ஒரு தடவை நீலப் புகை வந்து நின்றது. இன்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட் டேங்கில் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை, டீத்தண்ணீர் நிறம். புரோக்கரிடம் கேட்டால் "நம்ம ஊர்ல எல்லா வண்டியும் அப்படித்தான்" என்கிறார். விஷயம் தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள். அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை.

ராம்நாடு டீசல்:
தம்பி, ஸ்டார்ட் செய்து சூடாக வைத்திருந்த வண்டியைப் பார்த்ததெல்லாம் கணக்கிலேயே வராது. திரும்பப் போ, காலையில் போ, சொல்லாமல் போக முடிந்தால் இன்னும் நல்லது. முதலில் பானட்டைத் திறந்து இன்ஜின் மேல் கை வைத்துப் பார். வெதுவெதுப்பாக இருந்தால் பேசாமல் திரும்பி வந்துவிட்டு இன்னொரு நாள் போ.

ஜில்லென்று இருந்தால் ஸ்டார்ட் செய்யச் சொல்லி, நீ முன்பக்கம் நின்று காது கொடுத்துக் கேள். இந்த 1248 சிசி இன்ஜினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். ஆயிலை நேரத்துக்கு மாற்றாமல் ஓட்டிய வண்டியில் செயின் தளர்ந்து, காலை ஸ்டார்ட்டில் கரகரவென்று சங்கிலி உரசும் சத்தம் கேட்கும், ஆயில் பிரஷர் ஏறியதும் அடங்கிவிடும். சூடான வண்டியில் அது காதில் விழவே விழாது.

நீலப் புகை ஆயில் எரிவது. ஐட்லிங்கில் நின்றபின் ஒரு தடவை வந்து நின்றால் டர்போ சீலோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். டர்போவிலிருந்து காற்று போகும் இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றிக் காட்டச் சொல், உள்ளே லேசான ஆயில் பிசுக்கு இருந்தால் பரவாயில்லை, வழிந்தால் டர்போ செலவு இருக்கிறது. ஓட்டும்போதெல்லாம் நீலமாக வந்தால் பிஸ்டன் ரிங் வரை போகும்.

எனக்கு இதையெல்லாம் விட உறுத்துவது அந்தத் துருத் தண்ணீர்தான். கடற்கரை ஓரத்தில் நிறைய இடத்தில் போர் தண்ணீர் உப்பு. காவிரித் தண்ணீர் வரும் நாளில் குடத்தில் பிடித்து வைப்பதே வீட்டுக்குப் பத்தாது, அதை யார் ரேடியேட்டரில் ஊற்றுவார்கள்? லெவல் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். இந்த இன்ஜினுக்கு அடிப்பாகமான பிளாக் வார்ப்பிரும்பு, அதன் மேல் உட்காரும் ஹெட் அலுமினியம். உப்புத் தண்ணீர் இரும்பில் துரு ஏற்றும், அலுமினியத்தை அரிக்கும், ரேடியேட்டர் குழாய்களில் படிந்து அடைக்கும். அப்புறம் ஹீட் ஆகும், ஹெட் வளையும், இரண்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் கேஸ்கட் போகும். எல்லா வண்டியும் அப்படித்தான் என்று புரோக்கர் சொன்னது பாதி உண்மை. அப்படி ஓட்டிய வண்டிகள் எந்த வேலைக்கு வருகின்றன என்று என்னைப் போல் பட்டறை வைத்திருப்பவனைக் கேட்டால் மீதி தெரியும்.

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. ஜில் இன்ஜினில் ரேடியேட்டரின் மேல் ஹோஸை அமுக்கிப் பார், மெத்தென்று இருக்கும். ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள், இன்ஜின் சூடாகும் முன்பே, அது கல்லாக இறுகினால் எரியும் கேஸ் கூலன்டுக்குள் கசிகிறது என்று சந்தேகப்படலாம். கூலன்ட் மூடியைத் திறந்து பார்ப்பதானால் ஜில்லென்று இருக்கும்போது மட்டும். சூடாக இருக்கையில் திறந்தால் முகத்தில் அடிக்கும், விளையாட்டு இல்லை.

தேவிபட்டினம் டிரைவர்:
ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் வெள்ளையாக, பால் மாதிரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது, அன்றோடு விட்டுவிடுங்கள். ஆயில் கறுப்பாக இருந்தாலும் வேண்டாம்.

ராம்நாடு டீசல்:
கறுப்பு ஆயிலை வைத்து டீசல் வண்டியை ஒதுக்க வேண்டாம் அண்ணே, மாற்றிய கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும். மூடியில் மட்டும் லேசாக வெள்ளை இருந்தால், கிட்டத்திலேயே ஓட்டி நிறுத்தும் வண்டியில் ஈரம் படிந்தும் வரும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் இருந்தால்தான் நீங்கள் சொல்வது சரி.

கீழக்கரை காக்கா:
இன்ஜினை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள் தம்பி, கடலோர வண்டிக்கு அடிவயிறுதான் முக்கியம். லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் அதுவே பதில். ரேடியேட்டர் உட்காரும் கீழ் பீம், ஜாக்கி வைக்கும் இடம், பிரேக் பைப், சைலன்சர் கிளாம்பு, எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். புதிதாகக் கறுப்புக் கோட்டிங் அடித்திருந்தால் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள், நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், துரு தின்ற இடம் சொத்தென்று இருக்கும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளை விரலால் தொட்டாலே உதிர்ந்தால் அதன் ஆயுள் முடிந்தது. இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரும் கனெக்டர்களும் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்டார்ட் ஆகாமல் பாதி வழியில் நிற்க வைப்பது பல சமயம் இதுதான். இன்ஜினைக் கழுவி வைத்ததும் எனக்குப் பிடிக்கவில்லை, கசிவு எங்கே என்று தெரியாமல் போய்விடும்.

மீன் பெட்டி ஏற்றிய வண்டியா என்றும் விசாரியுங்கள். ஐஸ் தண்ணீர் டிக்கிக்குள் இறங்கினால் ஸ்பேர் வீல் பள்ளம் முழுக்க அரித்திருக்கும், மேட்டைத் தூக்கினால் தெரிந்துவிடும்.

தேவிபட்டினம் டிரைவர்:
2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடிப் பக்கம் மூழ்கிய வண்டிகளும் நிறைய, அதனால் வண்டி அப்போது எந்த ஊரில் நின்றது என்று கேளுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து சேற்றுக் கறை பாருங்கள். ஆர்சியில் பேங்க் கடன் இருந்தால் கடன் முடிந்தது என்று பேங்க் தரும் என்ஓசியும், ஆர்சியில் அந்தக் கடனை நீக்குவதற்கான ஃபார்ம் 35-ம் கையில் வராமல் பணம் முழுசாகக் கொடுக்க வேண்டாம்.

மண்டபம் முகாம்:
எல்லோருக்கும் நன்றி. இன்று காலை ஆறரைக்குப் போய்விட்டேன், இன்ஜின் ஜில்லென்று இருந்தது. செயின் சத்தம் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று விநாடி கேட்டது, அப்புறம் இல்லை. டிப்ஸ்டிக் ஆயில் கறுப்பு, வெள்ளை எதுவும் இல்லை. அடியில் துரு கம்மி, கோட்டிங் பழையது. ஆனால் மேல் ஹோஸ் அண்ணன் சொன்னபடி உடனே இறுகிவிட்டது. நிறுத்திவிட்டு முழுக்க ஆறும் வரை காத்திருந்து மூடியைத் திறந்து, மறுபடி ஸ்டார்ட் செய்தால் குமிழ் குமிழாக விடாமல் வருகிறது. அது காற்றுப் பிடிப்புதான், பத்தாயிரம் குறைத்துக்கொள்கிறேன் என்கிறார் புரோக்கர்.

ராம்நாடு டீசல்:
காற்றுப் பிடிப்பாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் வெளியேறி நின்றுவிடும். விடாமல் வருகிறது, ஹோஸும் உடனே இறுகுகிறது, துருத் தண்ணீரும் சேர்ந்திருக்கிறது என்றால் நான் ஹெட் கேஸ்கட் என்றுதான் சொல்வேன். உறுதி செய்ய பிளாக் டெஸ்டர் இருக்கிறது, டேங்க் வாயில் வைத்தால் கேஸ் இருந்தால் நீல மருந்து நிறம் மாறும். ஆனால் பத்தாயிரத்தில் முடியும் கதை இல்லை இது. ஹெட்டை இறக்கிச் சமப்படுத்தி, கேஸ்கட், ரேடியேட்டர், வாட்டர் பம்ப், கூடவே செயினும் என்று போகும், ஹெட்டில் கீறல் இருந்தால் இன்னும் ஏறும். வீட்டில் இருந்து ஆற அமர வேலை பார்த்து ஓட்டுபவர் எடுக்கலாம். அம்மாவை ஏற்றிக்கொண்டு மே மாத வெயிலில் ஏசி போட்டு மதுரைக்குப் போக இந்த வண்டியை எடுக்காதே தம்பி.

மண்டபம் முகாம்:
சரி அண்ணே, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உச்சிப்புளியில் ஒரு பெட்ரோல் வேகன்ஆர் இருக்கிறதாம், ஒரே ஓனர், ரிட்டயர்ட் வாத்தியார். கூலன்ட் பச்சையாக இருக்கிறது என்று போனிலேயே கேட்டுக்கொண்டேன். உங்கள் பட்டறைக்குக் கொண்டு வரச் சொல்லட்டுமா?

ராம்நாடு டீசல்:
பட்டறைக்கு ஓட்டி வந்தால் சூடாகிவிடுமே. ஞாயிறு காலை நானே உச்சிப்புளிக்கு ஸ்கேனரோடு வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று வாத்தியாரிடம் சொல்லி வை.