வெளிநாட்டுத் தமிழ்ப் பள்ளியில் பாரதி விழா: எங்கே தொடங்கலாம்?

கேள்வி:
ஆக்லாந்தில் நாங்கள் நடத்தும் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் ஆண்டுதோறும் டிசம்பர் 11-ஐ ஒட்டிய சனிக்கிழமையில் பாரதியார் பிறந்தநாளைக் கொண்டாடுகிறோம். பிள்ளைகள் முண்டாசும் மையால் வரைந்த மீசையுமாக வரிசையில் மேடையேறி, ‘அச்சமில்லை’ பாடிவிட்டு இறங்குகிறார்கள். சென்ற ஆண்டு வீடு திரும்பும் வழியில், வியர்வையில் மீசை கன்னம்வரை கரைந்திருந்த என் ஒன்பது வயது மகள், “அம்மா, யாருக்குப் பயப்படலைன்னு பாடுறார்?” என்று கேட்டபோது எனக்கு விடை வரவில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அவரை எப்படி அறிமுகப்படுத்துவது?

மறுமொழி 1:
புதுச்சேரியிலிருந்து தொடங்குங்கள், சகோதரி. தாம் எழுதிவந்த ‘இந்தியா’ இதழின்மீது பிரிட்டிஷ் அரசு நடவடிக்கை எடுத்த 1908-இல், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த அந்த ஊருக்குச் சென்ற பாரதி, பிரிட்டிஷ் ஒற்றர்களின் கண்காணிப்பிலேயே பத்தாண்டுகள் வாழ்ந்தார். பாஞ்சாலி சபதமும் குயில் பாட்டும் பிறந்தது அங்கேதான். 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியதும் கடலூரில் கைது செய்தார்கள். உங்கள் மகளின் கேள்விக்கு விடை இதில் இருக்கிறது.

மறுமொழி 2:
நீங்கள் ஆக்லாந்தில் இருப்பதால் இதைச் சொல்கிறேன்: ‘கரும்புத் தோட்டத்திலே’ பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 1879 முதல் 1916 வரை அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஃபிஜிக்குக் கொண்டு செல்லப்பட்டனர்; 1903-க்குப் பிறகு சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின. ஃபிஜியைக் கண்ணால் கண்டிராத பாரதி, அங்கே அல்லற்பட்ட பெண்கள் தாய்வீட்டை நினைத்து விம்மி அழுத குரலைக் கேட்டிருப்பாயே என்று காற்றிடம் முறையிடுகிறார். கடல் கடந்து போன எளியவர்களுக்காக அவர் அழுத அழுகை அது. வெளிநாட்டுத் தமிழர் மேடையில் அதைவிடப் பொருத்தமான பாடலை நான் அறியேன். அந்தப் பெண்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று உங்கள் நகரத்திலேயே வாழ்கிறார்கள். அவர்களை அழையுங்கள்.

மறுமொழி 3:
பாடல்களை அச்சிட்டுக் கொடுக்கத் தயங்க வேண்டாம். 1949-இல் சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையைப் பெற்று, பின்னர் அவற்றைப் பொதுவுடைமை ஆக்கிவிட்டது. எழுத்தைப் பெரிதாக அச்சிட்டு, கடினமான சொற்களுக்குப் பக்கத்திலேயே பொருள் கொடுங்கள்.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. எங்கள் தெருவிலேயே ஃபிஜியில் பிறந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். தமிழ் கேட்டால் ஓரளவு புரியும், படிக்கத் தெரியாது. நேற்று மாலை என் மகள் அந்தப் பாடலை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்ட, முடிந்ததும் முதலிலிருந்து மறுபடியும் படிக்கச் சொன்னார். இந்த ஆண்டு முன்வரிசையில் அவர் குடும்பத்துக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம்.